விண்மீன்களின் இரசாயன அமைப்பும் பால்வீதியின் வரலாறும்

மாத்தளை மாவட்டத்தின் கீழ்ப்புறத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் மகாவலி கங்கைக்கும் இடைப்பட்டுக் கிடப்பது வில்கமுவ. வயலும் குளமும் காடும் விரவிய அப்பகுதியில், நகரங்களிற்போல விளக்கொளி வானை விழுங்கிவிடுவதில்லை. வைகாசி மாதத்தின் நிலவற்ற இரவொன்றில், பத்து மணியளவில், அங்கே வயல்வரம்பில் நின்று மேலே நோக்குவார்க்கு இரண்டு பொருள்கள் எளிதிற் புலனாகும். தலைக்கு மேலே, உச்சியினின்றும் சிறிது வடக்கே விலகிச் செம்பொன் நிறத்தோடு ஒளிர்வது சுவாதி. தெற்கே, தென்சிலுவை விண்மீன்களுக்கு வடகிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 பாகை உயரத்தில், மங்கிய பஞ்சுத் துணுக்குப் போலத் தோன்றுவது ஒமேகா சென்டோரி. முன்னையது 37 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனி விண்மீன். பின்னையது ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், பல இலட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்டுள்ள கோளக்கொத்து.

இவ்விரண்டன் மேலும் வானியலார்க்கு ஒரே வகையான ஐயம் நெடுநாள் இருந்தது. இவை நமது பால்வீதியிலேயே பிறந்தவையா? அன்றி, வெளியேயிருந்து வந்து பால்வீதியால் விழுங்கப்பட்ட வேறு சிறு உடுத்தொகுதிகளின் எச்சங்களா? இக்கேள்விக்கு அவற்றின் இருப்பிடம் விடை தராது. அவற்றின் ஓட்டம் ஒரு குறிப்பைத் தரும். ஆயினும் அதனை மட்டும் கொண்டு முடிவு கூறல் இயலாது. முடிவு கூறியது அவற்றின் இரசாயன அமைப்பே. கல்வெட்டின் எழுத்து வடிவைக் கொண்டு அதன் காலத்தை அறிஞர் துணிவது போல, விண்மீனின் மூலகங்களின் அளவைக் கொண்டு அதன் பிறப்பிடத்தையும் பிறந்த காலத்தையும் துணியும் இத்துறை இன்று பால்வீதித் தொல்லியல் என வழங்குகின்றது. அதன் முறை யாது, அது எவ்வழியாக வளர்ந்தது, மேற்கூறிய இரண்டு வழக்குகளில் அது என்ன தீர்ப்பு வழங்கியது என்பன ஈண்டு ஆராயப்படும்.

விண்மீன்களின் இரசாயனத்தை மனிதன் அறிதல் கூடுமோ என்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்குரியதாய் இருந்தது. பிரெஞ்சுத் தத்துவஞானி ஒகுஸ்த் கொம்ட் என்பார் 1835 ஆம் ஆண்டில், விண்மீன்களின் தூரத்தையும் பருமனையும் அளக்கலாமேயன்றி, அவை எப்பொருளால் ஆயவை என்பதை எக்காலத்தும் அறிய இயலாது எனத் துணிந்து எழுதினார். அவர் மறைந்தது 1857 இல். இரண்டே ஆண்டுகளில், 1859 இல், ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் கிர்ச்சோவ், புன்சன் என்னும் இருவர் அக்கூற்றைப் பொய்யாக்கினர்.

அவர்கள் கண்டது இதுவே. ஞாயிற்றின் ஒளியை அரியத்தினூடு செலுத்தின் அது நிறமாலையாக விரியும். அந்நிறமாலையில் மெல்லிய கருங்கோடுகள் பல குறுக்கே கிடப்பதை 1814 இல் பிரௌன்ஹோபர் என்பார் கண்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கோடுகளை வரைபடமாக்கியிருந்தார். அவை யாவை என்பது மட்டும் விளங்கவில்லை. ஒவ்வொரு மூலகமும் வாயு நிலையில் தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும் என்பதைக் கிர்ச்சோவும் புன்சனும் நிறுவினர். சோடியத்தின் கோடுகள் சோடியத்துக்கே உரியன. இரும்பின் கோடுகள் இரும்புக்கே உரியன. கைந்நாட்டு ஒருவனைக் காட்டிக் கொடுப்பது போல, இக்கோடுகள் ஞாயிற்றிலும் விண்மீன்களிலும் உள்ள மூலகங்களைக் காட்டிக் கொடுத்தன.

இந்நெறியின் முதற் பெருவெற்றிகளுள் ஒன்று இந்திய மண்ணோடு தொடர்புடையது. 1868 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 18 ஆந் திகதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரிலிருந்தும், சென்னை வான்நோக்ககத்தின் பொக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நிறமாலை கொண்டு நோக்கினர். ஞாயிற்றின் விளிம்பொளியில் மஞ்சட் கோடொன்று தோன்றியது. அது சோடியத்தின் கோடன்று என்பதும், புவியில் அதுகாறும் அறியப்படாத மூலகமொன்றுக்கு உரியது என்பதும் பின்னர் இங்கிலாந்தில் லொக்கியரின் ஆராய்ச்சியால் உணரப்பட்டன. ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் அம்மூலகம் ஈலியம் எனப் பெயர் பெற்றது. புவியில் ரம்சே என்பார் அதனைப் பிரித்தெடுத்தது 27 ஆண்டுகளின் பின்னர், 1895 இலேயாம்.

எம்மூலகம் உண்டு என அறிதல் வேறு. அது எத்துணை உண்டு என அறிதல் வேறு. பின்னதே வரலாற்றுக்கு வேண்டுவது. இங்கே ஒரு பெருந்தடை எதிர்ப்பட்டது. ஞாயிற்றின் நிறமாலையில் கல்சியத்தின் கோடுகள் மிகத் தடித்தவை. ஐதரசனின் கோடுகள் அவற்றினும் மெலிந்தவை. அதனால் ஞாயிற்றில் ஐதரசனிலும் கல்சியம் மிகுதி எனக் கொள்ளலாமோ? மேலும், சிரியசு விண்மீனில் ஐதரசன் கோடுகளே ஓங்கி நிற்கின்றன. திருவாதிரையில் தைத்தேனியம் ஒட்சைட்டின் பட்டைகள் நிறைந்திருக்கின்றன. ஆயின் ஒவ்வொரு விண்மீனும் வெவ்வேறு பொருளால் ஆயதோ?

இத்தடையைத் தகர்த்தவர் மேகநாத சாகா. டாக்காவை அடுத்த சிற்றூரொன்றில் 1893 இல் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளராய் இருந்த காலத்திலே, 1920 இல், அயனாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பநிலையும் அமுக்கமும் தெரியின், ஒரு வாயுவிலுள்ள அணுக்களில் எப்பங்கு இலத்திரனை இழந்து நிற்கும் என்பதை அச்சமன்பாடு கணித்துக் கூறும். ஓர் அணு எந்நிலையில் இருக்கின்றதோ அந்நிலைக்குரிய கோட்டையே அது தோற்றுவிக்கும். ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பநிலையில், கட்புலனாகும் கோடுகளைத் தரத்தக்க நிலையில் உள்ளவை நூறு கோடி ஐதரசன் அணுக்களிற் சிலவே. கல்சியமோ தன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றை அத்தகைய நிலையில் வைத்திருக்கின்றது. ஆதலின், கோட்டின் தடிப்பு முதற்கண் வெப்பநிலையைக் காட்டுவது. வெப்பநிலையின் பயனைக் கணித்துக் கழித்த பின்னரே அது மூலகத்தின் அளவைக் காட்டும். வாய் திறந்து பேசுவோர் சிலர் என்பதனால் ஊரிலுள்ளோரே சிலர் எனக் கணக்கிடுதல் பிழையன்றோ?

சாகாவின் திறவுகோலைக் கொண்டு கதவைத் திறந்தவர் செசிலியா பெயின் என்னும் இளம்பெண். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவின் ஹார்வார்ட் வான்நோக்ககத்தில் ஆராய்ந்த அவர், தம் 1925 ஆம் ஆண்டு ஆய்வேட்டில், வேறுபட்டுத் தோன்றும் விண்மீன்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பின என்றும், அவற்றில் ஐதரசனும் ஈலியமுமே பெரும்பகுதி என்றும், ஐதரசன் ஏனைய உலோகங்களிலும் பன்மடங்கு மிகுதி என்றும் கண்டார். ஞாயிறும் புவியும் ஏறக்குறைய ஒரே பொருட் கலவையால் ஆயவை என்பது அக்காலத்துப் பேரறிஞரின் கொள்கை. அவர்களுள் முதன்மையான ஹென்றி நொரிஸ் ரசல் இம்முடிவு ஒவ்வாதது எனக் கருத்துரைக்கவே, பெயின் அம்மையார் தாம் கண்ட அளவு பெரும்பாலும் மெய்யாயிராது எனத் தம் ஏட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1929 இல், வேறு வழியால் அதே முடிவை அடைந்த ரசல், அம்மையாரின் முடிவோடு தம் முடிவு இயைவதை ஒப்புக்கொண்டார். கணக்குச் சரியாயிருக்கவும் பெரியோர் சொல்லுக்கு அஞ்சி அதனை மறுக்க நேர்ந்த இந்நிகழ்ச்சி மாணவர் மறவாது உள்ளத்திற் கொள்ளத் தக்கது.

இன்றைய கணிப்பின்படி ஞாயிற்றின் திணிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பங்கு ஐதரசன். 25 பங்கு ஈலியம். காபன், ஒட்சிசன், மகனீசியம், இரும்பு முதலிய ஏனைய யாவும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவே. ஏறத்தாழ 32,000 ஐதரசன் அணுக்களுக்கு ஓர் இரும்பணு என்பது ஞாயிற்றின் கணக்கு. இச்சிறு பங்கே வரலாற்றை எழுதி வைத்திருக்கும் ஏடாகும்.

அஃது எங்ஙனம்? பிரபஞ்சத் தொடக்கத்தில் உண்டானவை ஐதரசனும் ஈலியமும், மிகச் சிறிதளவு இலிதியமுமே. பாரமான மூலகங்கள் விண்மீன்களின் அகத்தே பின்னர் ஆக்கப்பட்டவை. இக்கருத்தைப் பிரெட் ஹொயில் 1946 முதல் வளர்த்தார். 1957 இல் பேர்பிட்ஜ் தம்பதியர், பவ்லர், ஹொயில் ஆகிய நால்வரும் சேர்ந்து அதனை முழுமையாக வகுத்துரைத்தனர். இதற்கு நேர்ச்சான்று 1952 இலேயே கிடைத்திருந்தது. போல் மெரில் என்பார் சில செம்பெரு விண்மீன்களின் நிறமாலையில் தெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். அம்மூலகம் நிலையற்றது; அதன் மிக நீண்ட ஆயுளுடைய வகையும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் ஆண்டுகளிற் பாதியாகக் குறைந்துவிடும். விண்மீனின் ஆயுளோடு ஒப்பிடின் அது நேற்றைய பொழுதே. ஆகவே அத்தெக்னீசியம் அவ்விண்மீனிலேயே அண்மையில் ஆக்கப்பட்டதாதல் வேண்டும்.

இவ்வாறு ஆக்கப்பட்டவை விண்மீன் இறக்கும்போது வெளியே வீசப்பட்டு, வாயு முகில்களிற் கலந்து, அடுத்த தலைமுறை விண்மீன்களுக்குக் கருப்பொருளாகின்றன. வில்கமுவ போன்ற உலர்வலயத்துக் குளத்தொடர்களை அறிந்தார்க்கு இது எளிதில் விளங்கும். மேற்குளத்து நீர் வயலிற் பாய்ந்து, மண்ணிலுள்ள உப்பைச் சிறிது கரைத்துக்கொண்டு, வடிந்து கீழ்க்குளத்தை அடைகின்றது. அங்கிருந்து மீண்டும் வயல், மீண்டும் குளம். குளத்து நீரின் உப்பை அளப்பவன் அந்நீர் எத்தனை வயல் கடந்து வந்தது என்பதை ஒருவாறு கூறிவிடலாம். விண்மீனும் அத்தகையதே. அதன் மையத்தில் மூலகங்கள் மாறினும், ஞாயிறு போன்ற சிறு விண்மீனின் மேற்பரப்பு, அது பிறந்த முகிலின் கலவையை நெடுங்காலம் பெரும்பாலும் மாறாது காத்து வைத்திருக்கின்றது. முகில் மறைந்து போனாலும் அதன் மாதிரி விண்மீனிற் பேணப்படுகின்றது.

பால்வீதியில் இத்தகைய தலைமுறை வேறுபாடு உண்டு என்பதற்கு முதற் குறிப்பு 1944 இற் கிடைத்தது. போர்க்காலத்து இருட்டடிப்பினால் லொஸ் ஏஞ்சலிஸ் நகர் விளக்கணைத்துக் கிடந்தபோது, மவுண்ட் வில்சன் தொலைகாட்டியால் அந்திரமேதா உடுத்தொகுதியை நோக்கிய வால்ற்றர் பாடே, விண்மீன்கள் இருபெருங் குடிகளாகப் பிரிவதைக் கண்டார். தட்டிலே வாழ்பவை ஒரு குடி. கோளக்கொத்துக்களிலும் புறவட்டத்திலும் வாழ்பவை மற்றொரு குடி. 1951 இல் சம்பர்லினும் அலரும் வேகமாக ஓடும் இரு விண்மீன்களை ஆராய்ந்து, அவற்றில் இரும்பும் கல்சியமும் ஞாயிற்றிலுள்ளதிலும் மிகக் குறைவு எனக் காட்டினர். முதியவை வறியவை, இளையவை செல்வமுடையவை என்னும் பொது விதி இவ்வாறு உருப்பெற்றது. இவ்விதியின் கடையெல்லையில் நிற்பது 2014 இல் அவுஸ்திரேலிய அறிஞர் குழு அறிவித்த ஒரு விண்மீன். அதிலுள்ள இரும்பு ஞாயிற்றின் இரும்பிற் கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. முதற்றலைமுறை விண்மீனொன்றின் சாம்பலிலிருந்து நேரே பிறந்தது அஃது எனக் கருதப்படுகின்றது.

இரும்பின் அளவு மட்டும் பிறப்பிடத்தைக் காட்டாது. பெரிய உடுத்தொகுதியிலும் சிறிய உடுத்தொகுதியிலும் ஒரே அளவு இரும்புள்ள விண்மீன்கள் பிறத்தல் கூடும். இங்கே துணை செய்வது, மூலகங்கள் வெவ்வேறு விரைவில் வெளிப்படுகின்றன என்னும் உண்மை. ஞாயிற்றினும் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே எரிந்து முடிந்து, சூப்பர்நோவா எனப்படும் பெருவெடிப்பில் மாள்கின்றன. அவை ஒட்சிசனையும் மகனீசியத்தையும் மிகுதியாகவும், இரும்பைச் சிறிதாகவும் தருகின்றன. இரும்பின் பெரும்பகுதியைத் தருவது வேறொரு வகை வெடிப்பு. சிறு விண்மீன் முதிர்ந்து வெண்குறுமீனாகச் சுருங்கிய பின்னர், துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்றோ அதனோடு கலந்தோ வெடிக்கும்போது அது நிகழும். வெண்குறுமீன் தாங்கத்தக்க திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று 1930 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அப்பயணத்திலேயே கணித்தார். ஞாயிற்றின் திணிவிலும் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வெல்லையை அண்மும் வெண்குறுமீன்கள் இவ்வெடிப்புக்கு உள்ளாகின்றன என்பது நெடுங்காலக் கொள்கை. இவ்வெடிப்புக்கள் நிகழப் பத்துக் கோடி ஆண்டு முதல் பல நூறு கோடி ஆண்டு வரை செல்லும்.

ஆகவே குளத்துக்கு இரு மடைகள் எனக் கொள்ளலாம். மகனீசிய மடை உடனே திறக்கின்றது. இரும்பு மடை காலந்தாழ்த்தித் திறக்கின்றது. பெரிய உடுத்தொகுதியில் விண்மீன்கள் விரைந்து பிறக்கும். இரண்டாம் மடை திறப்பதற்கு முன்னரே, முதல் மடையிலிருந்து வந்த சிறு இரும்பும் சேர்ந்து சேர்ந்து கணிசமான அளவை அடைந்துவிடும். அவ்விரும்போடு மகனீசியமும் மிகுந்திருக்கும். சிறிய உடுத்தொகுதியில் விண்மீன்கள் மெல்லப் பிறக்கும்; வெளிப்பட்ட வாயுவிற் பெரும்பகுதி அதன் சிறு ஈர்ப்புக்கு அடங்காது ஓடியும்விடும். ஆதலின் மொத்த இரும்பு குறைவாயிருக்கும் போதே இரண்டாம் மடை திறந்துவிடுகின்றது. ஒரே அளவு இரும்பை ஒப்பிடின், சிறிய தொகுதியிற் பிறந்த விண்மீனில் மகனீசியம் குறைவாயிருக்கும். இக்காலத்தாழ்வின் பொருளை 1979 இல் பியட்ரிஸ் ற்றின்ஸ்லி அம்மையார் தெளிவாக விளக்கினார். பிறப்பிடத்தைக் காட்டும் உரைகல் இதுவே.

இவ்வுரைகல் கைக்கு வருமுன், பால்வீதியின் வரலாறு பற்றி இரு கொள்கைகள் மோதிக்கொண்டன. 1962 இல் எகன், லிண்டன்-பெல், சான்டேஜ் என்னும் மூவர் 221 விண்மீன்களின் ஓட்டத்தையும் உலோக அளவையும் ஒப்பிட்டு, ஒரே பெருமுகில் சில பத்துக் கோடி ஆண்டுகள் என்னும் குறுகிய காலத்துக்குள் விரைந்து ஒடுங்கிப் பால்வீதியாயிற்று என்றனர். எளிமையும் அழகும் வாய்ந்த கதை அது. 1978 இல் சேர்ல், சின் என்னும் இருவர் புறத்தேயுள்ள கோளக்கொத்துக்களை ஆராய்ந்து, அவற்றின் உலோக அளவில் அத்தகைய ஒழுங்கு காணப்படவில்லை என்றும், சிறு சிறு துண்டங்கள் நெடுங்காலமாக வந்து சேர்ந்தே புறவட்டம் உருவாயிற்று என்றும் மறுத்தனர். ஒரு குடும்பத்தின் கதையா, பல குடும்பங்கள் கூடிய ஊரின் கதையா என்பதே வழக்கு.

வழக்கின் ஒரு பகுதி பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்து அறிஞர்களால் தெளிவுபட்டது. பால்வீதியின் தட்டு இருபடித்தானது என்பதை, மெல்லிய தட்டு ஒன்றும் அதனைச் சூழ்ந்த தடித்த தட்டு ஒன்றுமாக, கில்மோர், ரீட் என்போர் 1983 இற் கண்டனர். எசுவர் ரெட்டி என்பார், அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்து டேவிட் லாம்பேர்ட் முதலியோருடன் சேர்ந்து, 2003 இல் 181 விண்மீன்களையும் 2006 இல் 176 விண்மீன்களையும் மூலகம் மூலகமாக அளந்து வெளியிட்டார். ஒரே இரும்பளவில் தடித்த தட்டின் விண்மீன்கள் மகனீசியம் முதலியவற்றை மிகுதியாகக் கொண்டுள்ளன என்பது அவ்வளவீடுகளால் உறுதியாயிற்று. தடித்த தட்டு, இரும்பு மடை நன்கு திறக்குமுன் விரைந்து பிறந்த முதிய குடி என்பதற்கு இது வலிய சான்று.

இனிச் சுவாதியின் வழக்கைக் காண்போம். சுவாதி ஞாயிற்றைக் கடந்து செக்கனுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. அதனோடு ஒத்த ஓட்டமுடைய விண்மீன்கள் பல உண்டு என்பதை எகன் 1971 இற் காட்டினார். சுவாதி ஓட்டம் எனப் பெயர் பெற்ற இக்கூட்டம், பால்வீதியால் விழுங்கப்பட்ட சிறு உடுத்தொகுதியொன்றின் சிதறல் எனப் பிற்காலத்திற் சிலர் கருதினர். கூட்டமாக ஓடுவோர் ஓரூரினராதல் இயல்பன்றோ என்பது அவர் வாதம். 2012 இல் ரம்யா, எசுவர் ரெட்டி, லாம்பேர்ட் ஆகிய மூவர் இவ்வோட்டத்தின் 18 விண்மீன்களில் இருபது மூலகங்களை அளந்தனர். அவற்றில் இரும்பு விண்மீனுக்கு விண்மீன் வேறுபட்டது. ஆதலின் அவை ஒரே திறந்த கொத்திற் பிறந்து சிதறியவை அல்ல. ஆயின் ஒவ்வொன்றிலும் மூலகங்களின் விகிதம் அதே இரும்பளவுள்ள தடித்த தட்டு விண்மீனின் விகிதத்தோடு முற்றும் ஒத்திருந்தது. சிறு தொகுதிக்குரிய மகனீசியக் குறைவு காணப்படவில்லை. சுவாதியுந்தானும் ஞாயிற்றின் இரும்பில் மூன்றிலொரு பங்கே உடையதாயினும், அவ்விரும்போடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய இருமடங்கு மகனீசியம் உடையது. ஆகவே இவ்வோட்டத்தார் அயலூரார் அல்லர். பால்வீதியின் உள்ளேயே எழுந்த ஈர்ப்புக் கலக்கத்தால் ஒருமித்து ஓடத் தொடங்கிய உள்ளூர்க்காரரே என்பது முடிவு.

ஒமேகா சென்டோரியின் வழக்கு வேறு விதமாய் முடிந்தது. தொலமி அதனை ஒரு விண்மீனாகவே பட்டியலிட்டார். 1603 இல் பேயர் ஒமேகா என்னும் எழுத்தை அதற்கு வழங்கியதும் அக்கருத்திலேயே. அது விண்மீனன்று, புகைபோன்ற பொருள் என்பதை 1677 இல் சென்ற் எலேனாத் தீவிலிருந்து ஹாலி கண்டார். கோளக்கொத்தொன்றின் விண்மீன்கள் யாவும் ஒரே முகிலில் ஒருங்கே பிறந்தவை. ஆதலின் அவற்றில் இரும்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே என்பது பொது விதி. ஒமேகா சென்டோரி இவ்விதிக்கு அடங்கவில்லை. 1975 இல் பிறீமன், றொஜர்ஸ் என்போர் அதன் விண்மீன்களில் உலோக அளவு வெகுவாக வேறுபடுவதைக் காட்டினர். பின்வந்த ஆய்வுகளால், அக்கொத்தினுள்ளேயே ஒன்றற்கொன்று பத்து மடங்குக்கு மேல் இரும்பு வேறுபடும் பல தலைமுறைகள் உண்டென்பது தெளிவாயிற்று. இரும்பு மிக மிக, சிறு விண்மீன்கள் முதிர்ச்சியில் மெல்ல ஆக்கித் தரும் பேரியம் முதலியவையும் மிகுகின்றன. பல தலைமுறை வாழ்ந்து, தன் சாம்பலைத் தானே மீண்டும் பயன்படுத்திய ஓரிடமே இத்தகைய கணக்கேட்டை வைத்திருத்தல் கூடும். கொத்து அவ்வாறு வாழாது, உடுத்தொகுதியே வாழும். மேலும், அது பால்வீதித் தட்டின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் ஓடுகின்றது; அதிலிருந்து உரிந்து நீண்ட விண்மீன் ஓட்டமொன்றும் 2019 இற் கண்டறியப்பட்டது. ஆதலின், விழுங்கப்பட்ட ஒரு சிறு உடுத்தொகுதியின் எஞ்சிய மையமே ஒமேகா சென்டோரி என இன்று பெரும்பாலோர் கொள்கின்றனர்.

ஓட்டம் ஐயத்தை எழுப்பியது. இரசாயனம் ஒருவரை விடுவித்தது, மற்றவரை அடையாளங் காட்டியது. இவ்விரு வழக்கினும் பெரியதொரு வழக்கு 2018 இல் தீர்ந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 ஆம் ஆண்டு இறுதியில் ஏவிய கயா என்னும் விண்கலம் நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்தது. 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் நோக்கற்பணி முடிவுற்றது. அதன் அளவீடுகளை ஆராய்ந்த அமினா ஹெல்மி குழுவினரும் பெலோகுரோவ் குழுவினரும், புறவட்டத்தின் உட்பகுதியிலுள்ள விண்மீன்களிற் பெரும்பாலானவை ஏறத்தாழ ஆயிரங் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வீதியோடு மோதிக் கலந்த ஒரே உடுத்தொகுதிக்கு உரியவை எனக் கண்டனர். அவ்விண்மீன்களில் மகனீசியக் குறைவு காணப்படுவதை நிசன், சூஸ்ரர் என்னும் இருவர் 2010 இலேயே அளந்திருந்தனர். அளந்தவை யாவருடையவை என்பது எட்டாண்டு கழித்தே விளங்கிற்று.

ஈண்டுச் சில எச்சரிக்கைகள் கூறல் வேண்டும். விண்மீனின் மேற்பரப்பு எப்பொழுதும் பிறந்தபடியே இருப்பதில்லை. செம்பெரு விண்மீனாக விரியும்போது உள்ளே ஆக்கப்பட்ட காபனும் நைதரசனும் மேலே கிளறப்படலாம். துணை விண்மீன் உதிர்த்த பேரியத்தைத் தன்மேற் பூசிக்கொண்ட விண்மீன்களும் உண்டு. இவற்றை அறியாது ஏட்டைப் படிப்பவன் பிற்சேர்க்கையை மூலமெனக் கொண்டு மயங்குவான். இதனாலன்றோ ரெட்டி முதலியோர், கிளறப்படாது நெடுங்காலம் வாழும் ஞாயிறு போன்ற விண்மீன்களைத் தேர்ந்து அளந்தனர். ஒரு மூலகத்தை மட்டும் நம்பாது பல மூலகங்களை ஒருங்கே ஒப்பிடுதலும் இதன் பொருட்டேயாம்.

இப்பணிக்கு வேண்டிய கருவிகள் இன்று பல. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், வைணு பாப்பு என்னும் பெரியார் தேர்ந்த இடத்தில், அவர் பெயரால் 1986 முதல் வழங்கும் 2.34 மீற்றர்த் தொலைகாட்டி நிற்கின்றது. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயரத்தில், சந்திரசேகர் பெயர் தாங்கிய 2 மீற்றர்த் தொலைகாட்டியோடு இணைந்த நுண்ணிய நிறமாலைக் கருவி உலோகம் வறிய விண்மீன்களைத் தேடி அளக்க உதவுகின்றது. அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகள் அளக்கப்பட்டு 2024 இல் வெளியிடப்பட்டன. ஞாயிற்றோடு ஒரே முகிலிற் பிறந்து இன்று திசைதோறும் சிதறிய உடன்பிறப்புக்களை அவற்றின் மூலக விகிதங்களைக் கொண்டு தேடுதலும் இத்துறையின் நோக்கங்களுள் ஒன்று.

மாத்தளை மாவட்டத்திலே, சிகிரியாவை அடுத்த அலகொலவெவப் பகுதியில், இற்றைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்புருக்கும் உலைகள் எரிந்தன என்பதை அகழ்வாராய்ச்சி காட்டியுள்ளது. அவ்வுலைகளில் உருகிய இரும்பும், இன்று வில்கமுவ வயலை உழும் கலப்பையின் இரும்பும், உழுபவன் குருதியிலுள்ள இரும்பும் அங்கே ஆக்கப்பட்டவை அல்ல. ஞாயிறு பிறந்த 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே வெவ்வேறு காலத்தில் வெடித்து மாண்ட எண்ணிறந்த விண்மீன்கள் முகிலிற் கொட்டியவை அவை. அவற்றுள் சில பால்வீதியிலேயே பிறந்தனவாயிருக்கலாம். சில வெளியிலிருந்து வந்து கலந்தனவாயிருக்கலாம். விண்மீனிலே பிறப்பிடத்தின் பதிவு அழியாது நிற்கின்றது. ஆயினும் அப்பதிவுகளை ஒருங்கே வைத்துப் படிக்கும்போது, பல இடத்தவை கூடி ஒன்றான வரலாறே வெளிப்படுகின்றது. வைகாசி இரவில் சுவாதியையும் ஒமேகா சென்டோரியையும் ஒரே வானிற் காணும் மாணவன், உள்ளூராரும் வந்தாரும் ஒருங்கு வாழும் அவ்வரலாற்றின் இரு சாட்சிகளைத் தன் கண்ணாலேயே கண்டவனாகின்றான்.